தாவூது அரைத்த சந்தனம்

நல்லாழிப்பட்டினத்துத் தையல்காரர் தாவூதின் வலக்கைச் சுட்டுவிரல் சந்தனக் கல்லில் கரைந்துபோன வருஷத்தை ஊர்க்காரர்கள் வேறு சில காரணங்களுக்காகவும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பெரிய பள்ளிவாசலுக்குப் புது மைக் செட் வந்து, பாங்கு சொல்லும் மோதினார் இருமியது அடுத்த ஊர்வரை கேட்டது அந்த வருஷம்தான். ஐப்பசி முழுக்க ஒரு சொட்டு விழாமல் கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்ததும் அப்போதுதான். கோலா மீன் வலைக்கு அடங்காமல் வந்து, தெருவுக்குத் தெரு கருவாடு காய்ந்து, பூனைகள் நடக்கமாட்டாமல் சுவரோரம் கால் நீட்டிப் படுத்துக் கிடந்ததும் அதே வருஷம்தான். இத்தனை நடந்த வருஷத்தில் ஒரு மனிதரின் விரல் கரைந்ததும் நடந்தது, அவ்வளவுதான். அதைத் தனியாக எடுத்து வைத்து யாரும் வாயைப் பிளக்கவில்லை.

அந்த ஊரில் அடங்கியிருக்கிற இறைநேசரைத் தோணியப்பா என்று கூப்பிடுவார்கள். துடுப்பும் பாயும் இல்லாத ஒரு தோணியில் எந்தக் காலத்திலோ வந்து இறங்கி, வந்த காரியம் என்னவென்று கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் பத்து நாள் கந்தூரி விழா. பத்தாம் நாள் பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் சந்தனக்கூடு புறப்படும். மற்ற ஊர்களில் ராத்திரியில் போகிற கூடு இங்கே வெயில் தாழுமுன்பே போவதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. இருட்டினால் ஆம்பிளைகள் கடலுக்குப் போய்விடுவார்கள், தூக்க ஆள் இருக்காது. கூட்டுக்குள் வைக்கும் பானைச் சந்தனத்தை அரைத்துக் கொடுப்பது தாவூதின் குடும்பத்து உரிமை. பத்து நாளும் ஒருவரேதான் அரைக்க வேண்டும், அரைக்கும்போது பாடலாமே தவிரப் பேசக் கூடாது, இவற்றோடு இன்னொரு கட்டளையும் உண்டு: கையில் கொடுத்த கட்டையைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் கட்டளை எதற்காக வந்ததென்று அதுவரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை வந்த கட்டைகள் எல்லாமே நல்ல கட்டைகள்.

அந்த வருஷம் கட்டை கொடுத்தவர் புர்ஹான். இருபது வருஷம் கடல் கடந்து இருந்துவிட்டு வந்தவர். எங்கோ ஒரு துறைமுகச் சந்தையில் ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தை வாங்கி, அதைப் பச்சை ஜரிகைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே மணந்தது. இரண்டு நாளில் மேலே பூசியிருந்த எண்ணெய் ஆவியாகிப் போனபின் அது வேலிக்கு நட்ட கட்டையைப் போல இருந்தது. ஜமாஅத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து முகர்ந்து பார்த்தார்கள். புர்ஹான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஆகவே எல்லோரும் கண்ணை மூடி, "மாஷா அல்லா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்களுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கிறதோ என்று வெங்காயத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

தாவூது முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் பெண்டாட்டி ஜெய்த்தூனுக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், பிள்ளை குட்டி இல்லை, அவர் முதுகைப் பார்த்தே மனசைப் படிக்கிறவள் அவள். தர்காவின் பின்கட்டில் கல்லுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாசனையே இல்லாத அந்தக் கட்டையை ஒன்பது நாளும் அவர் வாசனை இருப்பதுபோலவே அரைத்தார். அரைத்துக்கொண்டே அவராகக் கட்டிய பாட்டை முணுமுணுப்பார்:

என்ன விலை என்று கேட்டேன், நீதான் என்றாய்.
என்னைத் தந்து வாங்கிவந்தேன், வாங்கியவன் எங்கே?

பத்தாம் நாள் காலையில் கட்டை தீர்ந்தது. பானை முக்கால்தான் நிறைந்திருந்தது, அதுவும் களிமண் கரைசல் மாதிரி. ஜெய்த்தூன் பன்னீர்ச் செம்போடு உள்ளே வந்தபோது தாவூது கல்லை விட்டுக் கையை எடுக்கவில்லை. சுட்டுவிரல் கல்லின் மேல் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போன வழியில் மஞ்சளாக ஒரு குழம்பு திரண்டது. அப்போது எழுந்த வாசனையில் அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் பேசக் கூடாதல்லவா, தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். கல்யாணத்தன்று கருகமணி கட்டி முடித்து முதல்முதலாக அவள் முகத்தைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றியதும் நெஞ்சில் சுருக்கென்றது.

அன்றைக்குச் சந்தனக்கூடு போன தெருவெல்லாம் மூன்று நாள் மணந்தது. "நான்தான் சொன்னேன்ல, அசல் மரம்" என்று புர்ஹான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். விஷயம் ஊருக்குத் தெரிந்தது பெருநாளைக்குத்தான், அதுவும் சட்டைகளில் காஜா கோணலாக விழுந்திருந்ததைப் பார்த்து. வந்து கேட்டவர்களிடம் தாவூது கையை நீட்டிக் காட்டினார். ரத்தம் இல்லை, புண் இல்லை. விரல் முடிகிற இடம் வழுவழுவென்று, நடுவில் மரத்துக்கு இருக்கிற வரிகளோடு இருந்தது. கேட்டவர்கள் குனிந்து முகர்ந்து பார்த்தார்கள். பிறகு சலவாத்துச் சொல்லிவிட்டு, கோணல் காஜாவை யார் சரிசெய்வது என்று விசாரித்தார்கள்.

அதை ஜெய்த்தூன் சரிசெய்தாள். அதிலிருந்து மிஷினில் அவள்தான் உட்கார்ந்தாள். கைலி மூட்டுவது, தலையணை உறை, பிறகு பாவாடை, பிறகு சட்டை என்று ஒன்றொன்றாக அவள் கைக்கு வந்தது.

அடுத்த வருஷம் ஜமாஅத்து ஜாக்கிரதையாக, ஆளனுப்பி, நல்ல கட்டையாகவே வரவழைத்தது. அசல் மரம்தான், கையில் வைத்திருந்தால் மணந்தது. ஆனால் கல்லில் உரசினால் ஒரு வாசனையும் இல்லை. கல்லுக்கு ருசி ஏறிப்போச்சு என்றார் இசுமாயில் லெப்பை. அவர்தான் தர்காவில் பாத்தியா ஓதுகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். தாவூது கட்டையைக் குறை சொல்லாமல் ஒன்பது நாள் அரைத்து முடித்து, பத்தாம் நாள் நடுவிரலை வைத்தார். அதற்கும் அடுத்த வருஷம் மோதிர விரலும் சுண்டுவிரலும் போயின, பிறகு கட்டைவிரலோடு உள்ளங்கையும் போயிற்று. நாலாம் வருஷம் வலக்கை மணிக்கட்டோடு தீர்ந்தபோது ஊரில் ஒரு பெரிய பிரச்சினை எழுந்தது. எழுந்த பிரச்சினை, ஒரு மனிதரின் கை போய்விட்டதே என்பது அல்ல. தோணியப்பா சமாதியில் பூசுகிற சந்தனத்தை இடக்கையால் அரைக்கலாமா என்பது.

ஒரு மாசம் பேசினார்கள். இடக்கை எதற்கெல்லாம் உபயோகப்படுகிறது என்பதை ஒருவர் விவரமாக எடுத்துச் சொல்ல, டீக்கடையில் இன்னொருவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். கிதாபுகளைப் புரட்டிப் பார்த்த லெப்பை, "வலது இடதெல்லாம் கொடுக்கத் தயங்குறவனுக்கு. ரெண்டையும் கொடுக்க வந்தவனுக்கு ஏது வலது இடது?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கை இல்லாதவர் தொழுகைக்கு ஒளு எப்படிச் செய்வார் என்று யாரோ கேட்டதற்கு, இருக்கிறவரைக்கும் கழுவினால் போதும் என்றும் சொல்லிவிட்டார். டவுனிலிருந்து கூட்டிவந்த டாக்டர் தாவூதின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, சுகர் இருக்கிறதா என்று கேட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியூரிலிருந்து ஜனங்கள் வேன் பிடித்து வந்தார்கள். தாவூது நடந்து போனால் எழுந்து நின்றார்கள். சிலர் அவர் நடந்த மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அவருக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. பச்சைப்பிள்ளையைப் போல முகம் தெளிந்துகொண்டே வந்தது.

ஒரு மனிதர் கை இல்லாமல் மகானாக வாழ்வதற்கு இன்னொருவர் எத்தனை காரியம் செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஊர் யோசிக்கவில்லை. கைலியைக் கட்டிவிட வேண்டும், அவிழ்த்துவிட வேண்டும். பல் தேய்த்துவிட வேண்டும், கழுவிவிட வேண்டும், மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட வேண்டும். மூன்று வேளையும் ஊட்ட வேண்டும். அதுவும் அவருக்குச் சோறு நன்றாகப் பிசைந்திருக்க வேண்டும், முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, மீன் துண்டை மேலே வைத்துத் தர வேண்டும். இவ்வளவையும் ஜெய்த்தூன் செய்தாள். முகம் சுளிக்காமல் செய்தாள் என்று சொன்னால் அது பொய். சுளித்துக்கொண்டும்தான் செய்தாள், ஆனால் ஒரு வேளை தவறவில்லை.

ஒவ்வொரு விரலுக்காகவும் அவள் தனித்தனியாக அழுதிருக்கிறாள். அளவு நாடா இல்லாமல், சும்மா முதுகில் சாண் போட்டே அவளுக்கு ரவிக்கை தைத்த கை அது. தலைவலி வந்தால் கட்டைவிரலால் பொட்டில் அழுத்திவிடுவார், வலி எந்த இடத்தில் இருக்கிறதென்று அந்த விரலுக்குத் தெரியும். அந்த விரல் இப்போது சமாதி மேல் பூச்சாக இருக்கிறது. அவளுக்கு ஒரு தலைவலி வந்தால் அவளே அழுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

"வலிக்கலையா மச்சான்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"வலிச்சா நிறுத்திடுவேன் புள்ள. வலிக்க மாட்டேங்குதே" என்றார்.

வலி எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் வருஷம் சுட்டுவிரலில் குத்தியதை மீன் முள் பட்ட வலி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாம் வருஷம் அவர் நடுவிரலைக் கல்லில் வைத்த அதே நேரத்தில் அவளுடைய நடுவிரலுக்குள் யாரோ கண்ணாடியைப் பொடித்துப் போட்டதுபோல எரிந்தபோது, அவள் அடுப்படியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் விரலாக, மூட்டு மூட்டாக, அவர் சிரித்துக்கொண்டே கொடுத்ததெல்லாம் அவள் கைக்குள் வலித்துத்தான் போனது. அவள் கைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாவூது மறு நிமிஷமே கல்லை விட்டு எழுந்துவிடுவார், அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் எழுந்த பிறகு அந்த முகத்தில் இருக்கிற வெளிச்சம் அணைந்துவிடும், மிச்சக் காலத்துக்கு அணைந்த முகத்தோடு அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். அதை நினைத்தால் இந்த வலி தேவலை என்று இருந்தது. ஆகவே அவள் சொல்லவில்லை.

இதைக் கண்டுகொண்டது அவள் தம்பி ஜமால் ஒருவன்தான். தர்காவுக்குப் போவதே தப்பு என்கிற கட்சி அவன், இருபத்தைந்து வருஷமாக அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதவன். ஒரு கந்தூரி நாளில் அரிசி மூட்டையை இறக்கிவைக்க வந்தவன், அடுப்படியில் அவள் கையைத் தொடையில் அழுத்திக்கொண்டு நெளிவதைப் பார்த்துவிட்டான்.

"என்னா கிறுக்கு லாத்தா இது. அவருக்குப் பைத்தியம், ஊருக்குப் பைத்தியம், ஒனக்குமா? இப்பவே நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா நீ என் மவுத்துக்குக்கூட வர வேணாம்" என்றாள் ஜெய்த்தூன். நிதானமாகத்தான் சொன்னாள்.

 ஜமால் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, கையை விட்டுக்கொள்ளச் சொன்னான்.

அவளுக்குக் கோபமெல்லாம் தோணியப்பா மேல்தான். பெண்கள் நிற்கிற ஜன்னலுக்கு வெளியே நின்று, மற்றவர்கள் பிள்ளை வரமும் விசாவும் கேட்டுக்கொண்டிருக்கையில் அவள் சண்டை போடுவாள். "இன்னும் எவ்வளவு வேணும் அப்பா ஒங்களுக்கு? ரெண்டு கையும் தீரப்போவுது. அப்பறம் தோளைக் கேப்பீங்க, அப்பறம் நெஞ்சைக் கேப்பீங்க. எனக்குன்னு என்னத்த மிச்சம் வைப்பீங்க?" சமாதியிலிருந்து அவள் புருஷனின் வாசனை வந்துகொண்டிருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்த மனிதர். அவரை விரல் விரலாக வாங்கிக்கொண்டிருப்பவரிடம்தான் அவள் முறையிட வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை.

ஐந்தாம், ஆறாம் வருஷங்களில் இடக்கையும் போக, ஏழாம் வருஷம் இரண்டு கையும் மணிக்கட்டோடு நின்றிருந்தன. ஜமாஅத்து வழக்கம்போலக் கட்டை கொடுத்தது. இரண்டு முன்கைகளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு தாவூது அரைத்தார். ஏழாம் நாளே கட்டை தீர்ந்தது. அன்றைக்கே வலது முன்கையைக் கல்லில் வைத்தார். குழம்பு வரவில்லை. தோல் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. இடதை வைத்தார். அதுவும் அப்படித்தான். அடுப்படியில் முந்தானையைச் சுருட்டி வாயருகில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஜெய்த்தூனுக்கும் வலி வரவில்லை. அல்லா காப்பாற்றினான் என்று அவள் மனம் குளிர்ந்தது. இனிமேல் மிச்சமெல்லாம் நமக்குத்தான் என்று நினைத்து, அன்று நாட்டுக்கோழி அறுக்கச் சொன்னாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த தாவூது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "என்னை வேணாங்கிறான் புள்ள" என்றார். "இவ்வளவு நாள் வாங்கிக்கிட்டு இருந்தவன், இப்ப கதவைச் சாத்திட்டான்."

கோழிக் குழம்பை அவர் தொடவில்லை. மறுநாள் கஞ்சியைக் கொண்டுபோனாள், வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் அப்படியே போயின. கை போனபோது குறையாத மனிதர் இந்த மூன்று நாளில் பாதியாகப் போனார். கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட ஆசையில்லாமல் கிடந்தார். வந்து பார்த்த லெப்பை, "உடம்புக்கு ஒண்ணுமில்ல. இது வேற" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஊர் முழுவதும் பானையைப் பற்றிக் கவலைப்பட்டது. கடையில் வாங்கிய சந்தனப் பவுடரைக் கலந்துவிடலாமா என்று தர்காவில் மெல்லப் பேச்சு கிளம்பியது. ஜெய்த்தூனுக்குப் பானை நிறைந்தால் என்ன, உடைந்தால் என்ன. கை இல்லாத தாவூதை அவள் சாகும்வரை வைத்துக் காப்பாற்றிவிடுவாள், ஆனால் இருக்க ஆசையில்லாத தாவூதை எப்படிக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் மத்தியானத்து லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்த பிறகு அவள் ஒரு தட்டில் சோறு போட்டு, ஊளி மீன் ஆணம் ஊற்றி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவரைத் திருப்பித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அவன் வேணாம்னா போறான். எனக்கு நீங்க வேணும்" என்றாள். "நான் ஒண்ணும் அவுலியா இல்ல மச்சான், எனக்கு ஒங்க விரலும் வேணாம், வாசனையும் வேணாம். நீங்க ஒரு வாய் சாப்புடணும், அவ்வளவுதான் நான் கேக்குறது."

சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை, ஒரு கை அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கை சோற்றில் இருந்தது, ஆகவே விழுந்தது விழட்டும் என்று பிசைந்தாள். முள்ளைத் தேடி எடுத்தாள், மறுபடியும் பிசைந்தாள். அப்போது தட்டிலிருந்து மீன் வாசனையைத் தள்ளிக்கொண்டு அந்த வாசனை எழுந்தது. ஆறு வருஷமும் தெருவை நிறைத்த அதே வாசனை, ஆனால் அதைவிடக் கனமாக, அடுப்பும் கண்ணீரும் மிஷின் எண்ணெயும் கலந்து, ஒரு வீட்டுக்குள் முப்பத்திரண்டு வருஷமாக இருந்த எல்லாமும் சேர்ந்ததாக எழுந்தது. தாவூதின் மூக்கு அசைந்தது. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார், பிறகு வாயைத் திறந்தார்.

வாசனை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தர்காவில் நிறையாத பானையோடு உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பியது. கால் மணி நேரத்தில் ஊரே அவள் வாசலில் நின்றது. நகரா அடிப்பவர்கள், கொடி பிடிப்பவர்கள், வேனில் வந்தவர்கள், புர்ஹான் எல்லோரும் வந்துவிட்டார்கள். நாலு பேர் சந்தனக் கல்லையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் இறக்கினார்கள். பானையோடு லெப்பை முன்னால் நின்றார்.

"ஜெய்த்தூன், அப்பா இந்த வருஷம் ஒன்னைக் கேக்குறாங்க போலயிருக்கு" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினாள்.

"கேட்டா கேக்கட்டும். இந்தக் கையக் கல்லுல வச்சுத் தேச்சுட்டா இவருக்கு யாரு ஊட்டுவா? நீங்க ஊட்டுவீங்களா? புர்ஹான் ஊட்டுவாரா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "ஆறு வருஷமா இவரைக் கொடுத்துட்டேன். போதும். கல்லைத் தூக்கிட்டுப் போங்க."

 தோணியப்பாவுக்கு முடியாது என்று சொன்ன ஒருத்தியை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அவள் சொன்னதில் எந்த இடத்தைத் தப்பு என்று சொல்வது என்றும் தெரியவில்லை.  லெப்பை பானையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து வீட்டுக்குள் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களைப் பார்த்துத் தெருவில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நகராக்காரர்கள் நகராவின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு தையல்காரர் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நல்லாழிப்பட்டினத்துச் சந்தனக்கூடு அன்று காத்திருந்தது. அவசரப்படாமல் அவள் ஊட்டினாள். மூன்று நாள் பசி, தாவூது இரண்டாம் தடவையும் சோறு கேட்டார். அசர் பாங்கு சொல்ல மோதினாருக்கே மனமில்லை, அவரும் தெருவில்தான் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் கவளம் உள்ளே போய், அவர் வாயைத் துடைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீருக்காக ஜெய்த்தூன் திரும்பினாள். எதிரே லெப்பை இடக்கையில் பானையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் செம்போடு மண்டியிட்டிருந்தார். விருந்தில் பெரிய மனிதர்களுக்கு மற்றவர்கள் தண்ணீர் ஊற்றிக் கை கழுவிவிடுவதுபோல அவள் கைமேல் தண்ணீரை ஊற்றினார். கையிலிருந்து வழிந்தது தண்ணீராக விழவில்லை. மஞ்சளாக, கெட்டியாக, பானையின் விளிம்புவரை இறங்கி நின்றது.

"எச்சில் கை லெப்பை" என்று பின்னாலிருந்து புர்ஹான் இழுத்தார். "புருஷனுக்கு ஊட்டுன எச்சில். அதைப் போய் அப்பாவுக்கு..."

"நாலு பேரு ஒரே சகன்ல கைபோட்டுத் திங்கிற ஊருதானே இது" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜமால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஒங்க வூட்டுக் கல்யாணத்துல நான் ஒங்க சகன்லதான் சாப்புட்டேன், அப்ப எச்சில் தெரியலையா? ஒங்க தோணியப்பா இந்த ஊருக்காரருன்னா, ஒரே தட்டுல கைவைக்கட்டும்." சொல்லிவிட்டு, இருபத்தைந்து வருஷமாகத் தர்கா பக்கம் போகாதவன் குனிந்து பானையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான். அவன் எதற்காக அழுகிறான் என்பது அவன் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சந்தனம் அரைக்கவில்லை. பத்தாம் நாள் மத்தியானம் ஊர் வந்து அவள் வாசலில் உட்காரும், அவள் ஊட்டி முடிப்பாள், லெப்பை தண்ணீர் ஊற்றுவார், ஜமால் தூக்குவான். அந்தக் கை வருஷத்துக்கு வருஷம் குறையவில்லை. ஐந்து விரலும் முழுசாகத்தான் இருந்தன. தாவூதுக்கு முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. என்னை வேண்டாமென்று சொல்லவில்லை, என் பெண்டாட்டியையும் சேர்த்தல்லவா கேட்டிருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார். தன் கைக்குள் வலித்த கதையை மட்டும் ஜெய்த்தூன் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. ஊர் அவளைத் தாயே என்று கூப்பிட ஆரம்பித்தது. அவள் அதைக் காதில் வாங்காமல் கைலி மூட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாசம் ரேஷன் கடையில் புதிதாக ஒரு மிஷின் வைத்தார்கள். விரலை வைத்தால்தான் அரிசி. ஜெய்த்தூன் கட்டைவிரலை வைத்தாள், மிஷின் கத்தியது. சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள், கத்தியது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாயிற்று. வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த கடைக்காரர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலிலும் ரேகை இல்லை, உள்ளங்கையிலும் ஒரு கோடு இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது.

"என்னம்மா இது, ஒண்ணுமே விழல" என்றார் அவர். "இது உங்க கைதானா?"

ஜெய்த்தூன் கையை ஒருமுறை பார்த்தாள்.

"இல்ல தம்பி" என்றாள். "எங்க வூட்டுக்காரரோடது."